பதினெட்டாவது குழி

பந்து உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை.

அவள் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நின்றாள். காத்து நிற்கவே தேவையில்லாத இடம் அது. மினி கோல்ஃப் பூங்காவின் கடைசிக் குழியில் நிற்கும் பொம்மைக் கோபுரத்தின் வாசலுக்கு உருண்டு போகும் பந்து சின்ன மரக்கதவை முட்டித் திறந்துகொண்டு நுழையும். கதவு தானாக விழுந்து மூடிக்கொள்ளும். உள்ளே சாய்வாகப் பொருத்திய பிளாஸ்டிக் குழாயில் வழுக்கி, பின்பக்கம் தாழ்வாக இருக்கும் பச்சைத் தரையில் பந்து வந்து விழும். குழாய் அவள் கை நீளம்கூட இல்லை. கதவு மூடும் சத்தம் அடங்குவதற்குள் பந்து அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.

மழை விட்டும் விடாமலும் இருந்த மத்தியானம். பூங்காவுக்கு அன்று விடுமுறை. காற்றாலையும் பாய்மரக் கப்பலும் வாயைப் பிளந்த முதலையும், மற்ற குழிகளில் நிற்கிற அத்தனை பொம்மைகளும் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தன. செயற்கைப் புல்லிலிருந்து ஈர ரப்பர் வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் அண்ணன் வெல்டிங் வைக்கும் சடசடப்பு நின்று நின்று கேட்டது. அது ஒருமுறை நின்றபோதுதான் கோபுரத்துக்குள்ளிருந்து இந்தச் சத்தம் வந்தது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

அதே இடைவெளி. மறுபடி டொக்.

மாடிப்படியில் ஒருமுறையாவது பந்தைத் தவறவிட்ட யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஒவ்வொரு படியிலும் எகிறி, அடுத்த படியில் விழுந்து, கைக்கு எட்டாமல் போய்க்கொண்டே இருக்கும் சத்தம். கல் படியில் விழும் பந்து. ஒவ்வொரு டொக்கும் முன்னதைவிடக் கொஞ்சம் தூரத்தில், கொஞ்சம் ஆழத்தில் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மட்டுமே கேட்கும் அளவுக்குத் தேய்ந்து, பிறகு அதுவும் இல்லை.

அந்தக் கோபுரத்துக்குள் படியே கிடையாது. இரும்புச் சட்டம், குழாய், அவ்வளவுதான். செய்தவளே அவள்தானே.

பின்பக்கம் ப்ளக் என்று பந்து வந்து விழுந்தது.

சுற்றிப் போய் எடுத்தாள். மழையில் விறைத்திருந்த அவள் விரல்களுக்குள் பந்து வெதுவெதுவென்று இருந்தது. யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, மனசில்லாமல் திருப்பிக் கொடுத்ததைப்போல.

"அண்ணா!"

வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். ஆள் பெரிய உருவம். வாய் அதைவிடப் பெரிசு. பேச்சு இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பான்.

"என்ன பாப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"பந்து உள்ள போச்சு. படியில இறங்குற மாதிரி சத்தம் கேட்டுச்சுண்ணா."

"எந்தப் படியில?"

"அதான் எனக்கும் தெரியல."

அவன் அவளிடமிருந்து மட்டையை வாங்கி, கண்ணை இடுக்கி, பந்தைத் தட்டினான். கதவு திறந்து மூடியது. பந்து அந்தப் பக்கம் வந்து விழுந்தது. நொடியில்.

"இதோ வந்துருச்சு. ஏதாவது போல்ட் லூசா இருக்கும், தட்டியிருக்கும். இதைப் போய் நாளைக்கேகிட்ட சொல்லி வைக்காத. அப்புறம் இன்னைக்கேன்னு ஆரம்பிச்சுடும்."

நாளைக்கே என்பது பூங்கா முதலாளியம்மாவுக்கு அண்ணன் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கே முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்பார். மற்றபடி தங்கமான மனுஷி. கடைசிக் குழிக்கு ஊரின் பழைய மணிக்கூண்டைச் சின்னதாகச் செய்து நிறுத்த வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். "எல்லாரும் அதை அண்ணாந்தே பாத்துப் பழகிட்டாங்க. என் இடத்துல குனிஞ்சு பாக்கட்டுமே," என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

அவளுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. நாடக மேடைக்குத் தூண்களும் கடை வாசலுக்கு ராட்சத ஐஸ்கிரீம்களும் செய்து வந்தவள். அண்ணன் சட்டம் கட்டுவான், அவள் உருவம் கொடுப்பாள். அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தவன் அவன். அவளை ஓவியக் கல்லூரிக்கு அனுப்பியதும் அவன்தான். மினி கோல்ஃப் வேலை கிடைத்ததிலிருந்து யாராவது தொழில் என்ன என்று கேட்டால், "நாங்க குழி தோண்டிப் பொழைக்கிற குடும்பம்," என்பான். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

அளவெடுக்க இருவரும் நிஜ மணிக்கூண்டுக்குப் போயிருந்தார்கள். கடைத்தெரு நடுவில், சுற்றிலும் வண்டிச் சத்தம். ஆனால் காவலாளி இரும்புக் கதவைத் திறந்து அவள் காலை உள்ளே வைத்ததும், யாரோ காதில் பஞ்சை வைத்து அடைத்ததுபோல அத்தனை சத்தமும் நின்றுவிட்டது. புறா எச்சமும் பழைய சுண்ணாம்பும் ஈரக்கல்லும் கலந்த வாசனை. சுவரை ஒட்டி மேலே சுழன்று போகும் கல் படி. மேலே மட்டும்தான் போனது. கீழே போக அங்கே எதுவும் இல்லை, தளம் போட்ட தரைதான். அதை அவள் நன்றாகப் பார்த்திருந்தாள். காவலாளி உள்ளே வரவில்லை. சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

அவள் சன்னல்களை அளந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா, வாயேன். இங்க காத்து நல்லா வருது."

வர்றேன் என்று சொல்லி முதல் படியில் காலை வைத்தாள். பின்னாலிருந்து தோளைத் தொட்டான் அண்ணன். கையில் அளவு நாடா. வண்டியில் மறந்து வைத்துவிட்டு எடுக்கப் போயிருந்தானாம். மேலே ஏறவே இல்லையாம்.

"எதிரொலியா இருக்கும்," என்றான்.

"நீ பேசாம எப்படி எதிரொலிக்கும்?"

"நான் எப்பதான் பேசாம இருந்தேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே வந்தபோது காவலாளியின் கூண்டுக்குப் பின்னால் பழைய மரக்கதவு ஒன்று சாத்திக் கிடந்தது. இரும்புக் கதவு போடுவதற்கு முன்னால் வாசலில் இருந்ததாம். நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறம் பார்த்துக் கலக்க ஒரு துண்டு கேட்டாள். "துண்டு எதுக்கும்மா, முழுசாவே கொண்டுபோயிடுங்க," என்றார் காவலாளி. அவ்வளவு ஆசையாக ஒரு பொருளை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. ஒரு பலகையை மட்டும் எடுத்துக்கொண்டாள். கோபுரத்தின் குட்டிக் கதவை அதிலிருந்தே அறுத்தாள். அசல் மரம், அசல் சாயம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு சத்தம் அவளை விட்டுவைக்கவில்லை.

அண்ணன் பக்கத்தில் இருந்தால் பந்து ஒழுங்காக வந்தது. அவன் தேநீர் குடிக்கவோ கம்பி வாங்கவோ அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும். கல் இடுக்குகளுக்குக் கறுப்புச் சாயம் தீட்டிக்கொண்டு கோபுரத்தின் காலடியில் அவள் உட்கார்ந்திருப்பாள். பந்தை யாரும் தட்டவே இல்லை. ஆனால் உள்ளே, ரெசின் பசையும் ஃபைபர் இழையும் கொண்டு அவளே பூசிப் பூசிக் கெட்டியாக்கிய அந்தச் சுவருக்குப் பின்னால், கீழே எங்கோ, டொக். காதை வைத்துக் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். ஒவ்வொரு முறையும் கன்னம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவர் சில்லென்று இருக்கும். ஒருநாள் கன்னத்தை எடுத்தபோது சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கோபுரத்தில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புகூட அவள் சேர்க்கவில்லை.

முதலாளியம்மா வேலையைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், கடிகாரத்தைத் தடவினார், குழந்தையைப்போலக் கைதட்டினார். "குடுங்க, நானே மொதல்ல அடிக்கிறேன்," என்று மட்டையை வாங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டினார். பந்து நேராகப் போய்க் கதவை முட்டியது. கதவு திறந்தது, மூடியது.

மூவரும் பின்பக்கம் போய் நின்றார்கள்.

பந்து வரவில்லை.

"சிக்கிக்கிச்சு போல," என்றார் முதலாளியம்மா. அண்ணன் கோபுரத்தை ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் உருளவில்லை.  டொக் டொக் என்று இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பசங்க கையை விட்டுத் துழாவுவாங்க, பாத்துக்குங்க. உள்ளே கூரா எதுவும் இருக்கக் கூடாது," என்றார் முதலாளியம்மா காரில் ஏறும்போது. "இந்தக் குழிக்குத் திறப்பு விழா வந்துடுச்சு. நாளைக்கே சரிபண்ணிடுங்க."

பசங்க கையை விட்டுத் துழாவுவார்கள். 

கார் போனதும் அண்ணன் பின்பக்கத் தட்டியின் திருகாணிகளைக் கழற்றினான். பழுது பார்ப்பதற்கென்று விட்டிருந்த வழி அது, ஓர் ஆள் இடுப்புவரை நுழையலாம். குழாயை உருவி வெளியே போட்டான். இரண்டு முனையிலும் கண்ணை வைத்துப் பார்த்தான். பந்து இல்லை. டார்ச்சோடு உள்ளே நுழைந்து மூலை முடுக்கெல்லாம் தடவினான். எங்குமே பந்து இல்லை.

சூரியன் மேகத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பூங்காவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன, அவற்றின் மஞ்சளில் முதலையின் நிழல் நீண்டு கப்பலைத் தொட்டது. காற்றாலையின் இறக்கை எங்கோ கிறீச்சிட்டது.

"பாப்பா," உள்ளிருந்து அவன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது. "நீ முன்பக்கம் போ. வாசல் வழியா கையை விடு. கதவுக்குப் பின்னாடி விளிம்புல எங்கயாவது பந்து தங்கியிருக்கான்னு பாரு. நான் உள்ளேருந்து வெளிச்சம் காட்டுறேன்."

"வேண்டாம்ணா."

"நான்தான் இந்தப் பக்கம் இருக்கேனே. என்ன பயம்?"

அவள் ஈரப் புல்லில் முழங்கால் போட்டாள். நீலக் கதவு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. விரல் நுனியால் தள்ளினாள். கதவு மேல்நோக்கி மடங்கியது. உள்ளே டார்ச் வெளிச்சம் தெரியவில்லை. அண்ணன் வேறு பக்கம் காட்டுகிறான் போலும். கையை விட்டாள். மணிக்கட்டுவரை. முழங்கைவரை. காற்று சில்லென்று இருந்தது, அடித்தளத்து அறைக்குள் கையை நீட்டியதுபோல. தரையைத் தடவினாள். விளிம்பு. விளிம்புக்கு அப்பால் கொஞ்சம் தாழ்வாக இன்னொரு விளிம்பு.

அப்போது அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பாடா என்றிருந்தது. சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பானே, அதே பிடி. இறுக்காமல், விடாமல். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லண்ணா, பந்து இங்க இல்ல," என்றாள்.

"வாசல் வழியா கையை உள்ளே விடச் சொன்னேனே, இன்னும் விடலையா?" என்றான் அண்ணன்.

"விட்டுட்டேனே."

"எங்க? கதவு அசையவே இல்லையே. நான் கதவையேதான் பாத்துட்டு இருக்கேன்."



"அண்ணா. நீ என் கையைப் பிடிச்சிருக்க."

"இல்லையே."

பிடி இறுகவில்லை. கட்டைவிரல் மட்டும் அவள் புறங்கையில் மெதுவாக ஒருமுறை நகர்ந்தது. ஆறுதல் சொல்வதுபோல. அவள் கத்தினாள். இழுத்தாள். அது விட்டுவிட்டது. உடனே விட்டுவிட்டது. அதுதான் இன்னும் மோசம்.

அண்ணன் ஓடி வந்தபோது அவள் நீலக் கதவை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "இதான்... அந்த மரம்தான்ணா... அங்கேருந்து இதைத்தான் கொண்டுவந்தோம்..." கீல் பிய்ந்தது. கதவு கையோடு வந்தது. தகரத்தில் போட்டு, சாயம் கரைக்கும் எண்ணெயை ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தாள். நீலச் சாயம் கொப்பளித்து, பச்சையாக எரிந்து, கரியானது. அது முழுதாகக் கரியாகும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். அவளுக்கு நெஞ்சு லேசானது.

பிறகு காற்று வர ஆரம்பித்தது.

கதவில்லாத வாசலிலிருந்து. மெல்லிய, விட்டு விட்டு வரும் காற்று. புறா எச்சம், பழைய சுண்ணாம்பு, ஈரக்கல். தகரத்திலிருந்த கரித்தூளை அது அவர்கள் காலைச் சுற்றிக் கலைத்தது. இத்தனை நாளும் அந்தக் கதவு தானாக விழுந்து விழுந்து மூடிக்கொண்டே இருந்ததை அவள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு இறுக்கமாக மூடும். எத்தனை முறை திறந்தாலும் எப்படித் தவறாமல் மூடும்.

இனி மூட எதுவும் இல்லை.

"வாண்ணா, போயிடலாம்," என்றாள்.

 திரும்பினாள். அண்ணன் வாசலுக்கு முன்னால் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்திருந்தான். அவன் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. முணுமுணுப்புகூட இல்லை.

"அண்ணா!"

"இரு பாப்பா. உங்க அண்ணி கூப்பிடுறா."

"அண்ணி வீட்ல இருக்காங்க."

"ஆமா," என்றான். "அதான் நானும் யோசிக்கிறேன்."

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு பெரிய ஆள் குழந்தையைப்போல வந்தான். ஒரு தகரத் தட்டியை வாசலில் சாய்த்து, மேலே இரும்புத் துண்டுகளைப் பாரமாக வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்கள். வீடு வரும்வரை அவன் விரலில் ஒரு விரலைக் கோத்துப் பிடித்திருந்தாள்.

காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணன் பழைய அண்ணனாகியிருந்தான். முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, அஸ்திவாரம் விரிசல் விட்டிருக்கிறது, பசங்க மேல் விழுந்து தொலைத்தால் வம்பு, எங்கள் செலவிலேயே வேறு செய்து தருகிறோம் என்று சரளமாகப் பொய் சொன்னான். "நாளைக்கேவா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தகரத் தட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பாரமாக வைத்த இரும்பு மட்டும் ஓரமாக, ஒழுங்காக அடுக்கியிருந்தது. பூங்கா ஆட்கள் யாராவது எடுத்து வைத்திருப்பார்கள் என்றான் அண்ணன். இருக்கும் என்றாள் அவள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அறுக்கும் இயந்திரத்தை எடுத்து அவன் வேலையைத் தொடங்கினான். ஃபைபர் தூள் வெயிலில் பனிபோலப் பறந்தது. கடிகார முகம் முதலில் வந்தது, பிறகு மேல்மாடம், பிறகு சன்னல் வைத்த நான்கு சுவர்கள். ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தபோது அதன் உட்புறம் தெரிந்தது. ரெசின் வழிந்து காய்ந்த கோடுகள், அவளுடைய பென்சில் குறிகள், அவசரத்தில் பதிந்த அவள் உள்ளங்கையின் தடம். பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெறும் கூடு. இதற்குப் போயா நடுங்கினோம்? அண்ணன் இரும்புச் சட்டத்தை நான்கு வெட்டில் படுக்கவைத்தான். கடைசியில் சிமென்ட் பீடம் மட்டும் மிஞ்சியது. வழவழவென்று, பலகைபோலத் தட்டையாக. அவள் அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். குதித்துக்கூடப் பார்த்தாள். கெட்டித் தரை.

அறுத்த துண்டுகளை வண்டியில் ஏற்றியாயிற்று, வாசல் சுவர் மட்டும் பாக்கி. அதைத்தான் கடைசியாகத் தூக்கினார்கள். அவன் முன்னால், அவள் பின்னால், நடுவில் சுவர் பல்லக்குபோலப் படுத்திருந்தது. வண்டி பீடத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான், வழக்கம்போலப் பேசிக்கொண்டே.

"அடுத்ததா அந்தம்மாவுக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி செஞ்சு குடுத்துடலாம். கழுத்து வழியா பந்து போகணும். எங்க போகுது, எங்க வருதுன்னு..."

அவன் பீடத்தின் மேல் ஏறினான். வாசல் இருந்த இடத்தைக் கடந்தான்.

அவன் கால் தாழ்ந்தது.

தடுக்கினான் என்றுதான் நினைத்தாள். தடுக்கவில்லை. அடுத்த கால் அதைவிடத் தாழ்ந்தது. முழங்கால்வரை அவனைக் காணவில்லை. சிமென்ட் அப்படியே இருந்தது. விரிசல் இல்லை. பள்ளம் இல்லை. வெயில் அதன்மேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில், தண்ணீருக்குள் படியிறங்கும் ஆளைப்போல, ஒரே சீராக, அவசரமே இல்லாமல், அண்ணன் இறங்கிக்கொண்டிருந்தான்.

"...யாருக்கும் தெரியக் கூடாது. பசங்களுக்கு அதான் பிடிக்கும்."

"அண்ணா."

இடுப்பு.

"அண்ணா, நில்லு. நில்லுண்ணா."

டொக். அவன் செருப்பின் சத்தம். கல்லில்.

முதுகு. தோள். அவள் கையிலிருந்த சுவர் முன்பக்கமாகச் சாய்ந்தது. அதன் அந்த முனை சிமென்டைத் தொட்டது. தொட்டு, நிற்கவில்லை. உள்ளே போனது. அவன் இழுக்கும் பாரம் அவள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. விட்டால் அவன் போய்விடுவான். விடாவிட்டால் அவளும். விரல்கள் பிடித்தபடியே இருந்தன. புல்லில் அவள் கால்கள் வழுக்கின. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. பீடத்தின் விளிம்பு.

அவன் தலை மட்டும் தெரிந்தது. வெயிலில் மின்னும் தலைமுடி. அதில் ஃபைபர் தூள். அதுவும் திரும்பாமல் இறங்கியது.

தட்டைச் சிமென்ட். வெளிச்சம். அவள் கையில் பாதி சுவர்.

அதற்குக் கீழே, வெகு ஆழத்திலிருந்து, கொஞ்சமும் பயமில்லாத அண்ணனின் குரல்.

"என்ன பாப்பா, அங்கயே நின்னுட்ட? வா. படி பாத்து வா."